சிவபாக்கியத்தின் பங்கு

தாத்தா காலத்துப் பண்ணைவீட்டைப் பங்கு பிரித்தபோது, அண்ணன் கோவிந்தராசு வீட்டை எடுத்துக்கொண்டான். தங்கை சிவபாக்கியம் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம் மட்டும் போதும் என்றாள். "மரப்பெட்டிதானே, தாராளமா அள்ளிக்கிட்டுப் போ" என்று ஊரார் முன்னால் சிரித்தான் அண்ணன்.

இன்று அவள் வண்டியோடும் ஆட்களோடும் வந்து இறங்கிவிட்டாள். சின்ன வயதில் ஒளிந்து விளையாடிய பெட்டி இனி அவளுடையது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பத்தாயம் இம்மியும் நகரவில்லை. நகர்ந்தாலும் எந்த வாசலிலும் நுழையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

"பின்ன எப்படி உள்ள வந்துச்சு?" என்றார் ஒருவர்.

சிவபாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பத்தாயத்தின் மேலே ஏறினாள். ஒட்டடையை விலக்கி டார்ச் அடித்தாள். கூரையின் பாரத்தை எல்லாம் வாங்கி இறங்கிய தூண், பத்தாயத்தின் மூலையில் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் பெட்டியை வைத்து, அதைச் சுற்றித்தான் வீட்டையே கட்டியிருக்கிறார்கள்!

"அண்ணே, ஓடியா! இங்க வந்து பாரு!"

கோவிந்தராசு ஏறிப் பார்த்தான். தூணைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினான். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவள் பத்தாயத்தின் மேல்பலகையைத் தள்ளி உள்ளே குதித்தாள். பழைய நெல்வாசம் மூக்கில் ஏற, சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

சற்று நேரத்தில் வெளியே பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பாக்கியம்," என்றான் வீட்டுக்கார அண்ணன், "உள்ள வரட்டுமா?"