மிஷினில் கோளாறு இல்லை

“மிஷின் போயிடுச்சுன்னா போயிடுச்சுன்னு சொல்லிப்போடுங்க தம்பி,” என்று வாசலிலேயே குரலை இறக்கிச் சொன்னார் கௌரம்மா.

எனக்குச் சுருக்கென்றது. தேவராஜ மொஹல்லாவில் பதினான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் கை பட்ட மிஷின் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. இந்தம்மாவுடையது மட்டும் மூன்றாம் தடவை.

முதல் தடவை தூசியை ஊதி, ரேமை ரப்பரால் தேய்த்துப் போட்டேன். அடுத்த தடவை ஹார்ட் டிஸ்க்கை மாற்றி விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். கடையில் குதிரை மாதிரி ஓடியது. வீட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறதாம்.

அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், சிங்கப்பூரிலிருந்து மகன் ஹேமந்த் வீடியோவில் வரும்போது மட்டும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதையும் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நேரில் வந்தேன்.

கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கட்டிலில் அவர் வீட்டுக்காரர் கரியப்பன் படுத்திருந்தார். ஃபேக்டரியில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். சர்க்கரை நோய் கண்ணை முன்பே எடுத்துக்கொண்டது, இப்போது வலது காலுக்கு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

கரியப்பன் ஒரே பிடியாக இருந்தார். மகன் வருகிறேன் என்று சொல்லட்டும், அப்புறம் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

ஹேமந்த் போனை எடுப்பதில்லை. வாரம் ஒருமுறை இந்தத் திரையில் வருவதோடு சரி. வருவாயா என்று அப்பா கேட்டால் படம் நின்றுபோகும்.

செத்த மிஷினைத் தவிர எதையும் சரிபண்ணிவிடலாம், கை சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கரியப்பன் கூரைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார். எனக்குத்தான் சொல்கிறார் என்று தெரிந்தது.

போன ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமம் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் அப்படியே இருந்தது. திறந்து சூடு பார்த்தேன், மெமரி பார்த்தேன், இன்டர்நெட் வேகம் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஒரு சினிமாவை ஓடவிட்டேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

கௌரம்மா இரண்டு தடவை வந்து, ரொம்பப் பழசுதானே, இனிமேல் தாங்காதுதானே என்று கேட்டார். இன்னும் ஐந்து வருடம் தாங்கும் என்றேன்.

பதினொரு மணிக்கு ஹேமந்த் வந்தான். அங்கே மழை என்றான். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டான். படமும் தெளிவு, குரலும் தெளிவு. எனக்குப் பெருமையாகவே இருந்தது.

கரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்கு வந்துவிடுவாயா என்று கேட்டார்.

ஹேமந்த் நின்றுபோனான். வாய் பாதி திறந்திருந்தது. கண் இமைக்கவில்லை.

நான் கேமராவில் படாமல் ஓரமாக நின்றிருந்தேன். கையை நீட்டி மௌஸை அசைத்தேன், அம்புக்குறி ஓடியது. திரையின் மூலையில் கடிகாரம் நிமிடம் மாறியது.

அப்புறம்தான் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு டேபிள் ஃபேன், இல்லை இல்லை என்று தலையாட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. அது திரும்பும்போதெல்லாம் ஜன்னல் துணி எழுந்து அடங்கியது.

கௌரம்மா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடியும் நிறுத்திவிட்டாரா உன் மெக்கானிக் என்று கௌரம்மாவிடம் கேட்டுக் கரியப்பன் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பியது. கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

“மிஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. உங்க பையனுக்குப் பின்னாடி ஃபேன் சுத்திட்டு இருக்கு. அவருதான் ஆடாம அசையாம உக்காந்திருக்காரு.”

கரியப்பன் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்டார். சுற்றுகிறது என்றேன். ஃபிட்டருக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“கௌரி, ஆஸ்பத்திரிக்கு வரலைன்னு சொல்லிப்போடு,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கௌரம்மா அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பக்கத்தில் வந்து என் காதோடு சொன்னார். மிஷின் செத்துப்போச்சு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாம். பக்கத்து வீட்டுப் போனில் ஹேமந்த் பேசினான், கட்டாயம் வருகிறானாம் என்று பொய் சொல்லி, செவ்வாய்க்கிழமை காலையில் அவரை ஆட்டோவில் ஏற்றியிருப்பாராம். மூன்று வாரமாக என்னைக் கூப்பிட்டது அதற்குத்தானாம்.

நான் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டேன். மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. கரியப்பன் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அணைக்கலாம் என்று குனிந்தபோது ஹேமந்தைப் பார்த்தேன். இமைக்காமல் வைத்திருந்த கண்ணில் நீர் கோத்து, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கி, தாடை வரைக்கும் போனது.

அதைத் துடைக்கக்கூட அவன் கையைத் தூக்கவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்தது.