ஏந்திய கை

நாத்தனார் செல்விதான் சுகந்தியை அந்தக் கலை அறிமுக முகாமுக்கு இழுத்து வந்தாள். "வீட்டுக்குள்ளயே எத்தன நாளைக்கு அண்ணி சுவத்தப் பாத்துட்டு இருப்பீங்க?"

காலையில் பறைக்கு ஆடிப் பார்த்தார்கள்; பிறகு கூத்துக்காரர் ஒருவர் அடவு போட்டுக் காட்டினார். சுகந்தி கடைசி வரிசையில் ஒப்புக்கு நின்றாள். மதியம் பரத வகுப்பில் ஆசிரியை இந்திராணி, "குழந்தைய ஏந்துற மாதிரி கையை வைங்க" என்று சொல்லித் தாலாட்டு பாடினார். பாட்டு முடிந்ததும் எல்லோரும் கையை உதறிக்கொண்டு சிரித்தார்கள். சுகந்தியின் கைகள் மட்டும் இறங்கவில்லை. மூச்சில்லாமல் பிறந்த அவள் பிள்ளையை, பார்த்தால் தாங்கமாட்டாள் என்று, கண்ணில் காட்டாமலே கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள்.

"அண்ணி, முடிஞ்சிருச்சு" என்று செல்வி தோளைத் தொட்டாள்.

இந்திராணி அருகில் வந்து அவள் முகத்தைப் பார்த்தார். தன் இரு கைகளையும் நீட்டினார். "குடும்மா. கொஞ்ச நேரம் நான் வச்சிக்கிறேன்."

சுகந்தி அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்லச் சாய்த்து, அவரிடம் தந்தாள். தந்த பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த வகுப்புக்கான மேளக்காரர்கள் உள்ளே வந்து தட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இந்திராணி மடக்கிய கையை இறக்காமலே அவர்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் மெதுவா வாசிங்க" என்றார்.