கறுத்த திரை

திரை கறுத்துக் கிடந்தது.

தர்ஷன் நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் நின்றான். காலையில் அவன் கல்லூரிக்குக் கிளம்பும்போது அதே திரையில் வெள்ளை எழுத்துகள் வரி வரியாக மேலே ஓடிக்கொண்டிருந்தன. இப்போது ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. முன்வாசல் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

மோகனா அண்ணி அறை வாசலில் வந்து நின்றாள்.

"இடி பலமா இடிச்சிச்சு தம்பி. சுவிட்செல்லாம் அடைச்சிட்டேன்."



மறுநாள் காலை விரிவுரையாளர் முன்னால் அவன் தன் புரோகிராமை ஓட்டிக் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அந்தப் பாடத்தில் தோல்விதான். எழுதிய புரோகிராமைக் கணினிக்குப் புரிகிற பாஷையாக மாற்ற ஒரு கம்பைலர் வேண்டும். நண்பன் நிஷாந்த் கொடுத்த லினக்ஸ் இயங்குதளச் சிடியில் இருந்ததோ பழசு. புதியதைத் தானே ஆரம்பத்திலிருந்து கட்டி ஏற்ற வேண்டும். அவனிடமிருந்த பழைய கணினியில் அதற்கு ஒரு பகல் முழுவதும் பிடிக்கும்.

நிஷாந்த் ஏகப்பட்ட புத்திமதி சொல்லித்தான் சிடியைக் கொடுத்திருந்தான். கணினியின் வன்வட்டில் இடம் இருக்கிறதா பார், கட்டளையை எழுத்துப் பிசகாமல் அடி, சும்மா விட்டால் திரை மட்டும் தூங்கிவிடும், என்ன ஆனாலும் நடுவில் நிறுத்தாதே. கடைசியாகச் சொன்னது மட்டும்தான் தர்ஷனின் மனத்தில் தங்கியிருந்தது.

தங்கியதற்குக் காரணம் உண்டு. போன வாரம் இந்த வேலை பாதியில் இருக்கும்போது ஓர் இடி. மெயின் சுவிட்ச் விழுந்து, வீடு முழுக்கக் கரண்டு போய், வன்வட்டு குழம்பி, லினக்ஸையே மறுபடி ஏற்ற வேண்டியதாகிவிட்டது. அண்ணன் ஹரிதாஸ் வந்து பார்த்துவிட்டு, இடி நேரத்தில் ஃபிரிட்ஜ், டிவி, ஃபேன் என்று எல்லாம் ஓடினால் இந்த வீட்டில் சுவிட்ச் விழத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதனால்தான் இன்று காலை அண்ணியிடம் அவன் அத்தனை தடவை சொன்னான், சாயங்காலம் வரைக்கும் இது ஓட வேண்டும், கரண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அவளும் சரி சரி என்று தலையாட்டினாள்.

தலையாட்டிவிட்டு இப்படிச் செய்திருக்கிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எஸ்டேட்டுல ராத்திரியானா ஜெனரேட்டர அடைச்சிருவாங்கள்ல, அந்தப் பழக்கம் அண்ணி. டவுனுக்கு, தாமான் வீட்டுக்கு வந்தும் ஒங்கள விட்டுப் போகல."

செலண்டார் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள் அவள். அவனும் அங்கேதான் பிறந்தான். ஆனால் கல்லூரியில் யார் ஊரைக் கேட்டாலும், இப்போது குடியிருக்கும் ஆயர் குரோ டவுன் என்றுதான் சொல்வான்.

"இல்ல தம்பி, நான்..."

அவன் கையைக் காட்டி நிறுத்தினான். அவள் கூடத்துக்குத் திரும்பிப் போய், தொட்டிலருகே உட்கார்ந்து, ஓர் அட்டைத் துண்டால் குழந்தைக்கு விசிறத் தொடங்கினாள். மேலே ஃபேன் அசையாமல் நின்றது. ரைஸ் குக்கரில் அரிசி பாதி வெந்தபடி கிடந்தது. அவள் முகமும் கழுத்தும் வேர்வையில் ஊறியிருந்தன.

அவனுக்குத் தன் நாக்கே கசந்தது. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, அவன் சாப்பிட்டானா என்று கேட்காமல் ஒருநாளும் தன் தட்டை எடுத்தவள் இல்லை. படிக்கிற பிள்ளை என்று ஒரு வேலை ஏவியதில்லை. அவளைப் போய் என்ன சொல்லிவிட்டோம் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தான். நாளைக் காலை நினைவுக்கு வந்தது. முதலில் கணினியை ஓடவிடுவோம், அப்புறம் கேட்டுக்கொள்வோம் என்று திரும்பிவிட்டான். மன்னிப்புக் கேட்க எப்போதுமே நேரம் இருப்பதாக நமக்கு ஒரு நினைப்பு.

மேசைக்கு அடியில் குனிந்தான். கணினிப் பெட்டியின் நெற்றியில் புதிதாக ஒரு விபூதிப் பட்டை. அவன் போன பிறகு, சாமி கும்பிட்ட கையோடு அண்ணி பூசியிருக்க வேண்டும். தம்பியின் வேலை நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டியும் இருப்பாள்.

அதைப் பார்க்க அவனுக்கு முகம் இல்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே, கையால் தடவிப் பட்டனைத் தேடி அழுத்தினான்.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஒரு மெல்லிய நடுக்கம் ஓய்ந்தது. நிமிர்ந்து பார்த்தான். பெட்டியின் மூலையில் எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு, அந்த நொடியில்தான் அணைந்தது.

அவன் விரல் பட்டன்மேலேயே நின்றுவிட்டது.

வெளியே மழை விட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் அட்டை விசிறும் சத்தமும் நின்றது. அண்ணி எழுந்து வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் என்று எதுவுமே இல்லை.

"ஏன் தம்பி? அது ஒண்ணத்தான் அடைக்காம வச்சிருந்தேன்."