பச்சைக் கறை

விண்வெளியில் ஒளிரும் வாயு முகிலான நெபுலா ஒன்றின் படத்தை இரண்டு பேர் சேர்ந்து எடுத்தார்கள். ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரைப் போட்டு ஜெபசிங் நகரத்து மொட்டைமாடியில் எடுத்தான். நட்சத்திரங்களின் நிறங்களை அவனுடைய அக்காள் கணவர் அன்பையா மலையில் குளிரில் நடுங்கியபடி எடுத்து வந்தார். இரண்டையும் கணினியில் ஒன்றாக்கியது ஜெபசிங். விண்வெளியில் பச்சை கிடையாது, தெரிந்தால் அது கேமராவின் கோளாறு என்பது இப்படிப் படமெடுப்பவர்களின் நம்பிக்கை. அத்தானின் பதிவில் ஒரு மூலையில் பச்சையாகக் கறை போல ஏதோ இருந்தது. வழக்கம்போல ஒரே சொடுக்கில் துடைத்துவிட்டான்.

அடுத்த வாரமே வேறொருவர் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அது பச்சை நிறம்.

செய்தியைப் படித்துவிட்டு வந்த அன்பையா, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படத்தின் மூலையில் விரலை வைத்தார்.

“நாம எடுத்த அன்னைக்கு அது இங்கனதான் நின்னுருக்கு மாப்ள. என் கேமராவுக்குத்தான் கண்ணு தெரியல.”

துடைக்காத பதிவு கணினியில் இன்னும் இருந்தது.

“பழைய கேமராதான அத்தான்” என்றான் ஜெபசிங்.

“ஆமா, பழசுதான்.” தன் விரல் பட்ட இடத்தை அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.