பன்னிரண்டு மணி வரை

சுவிட்சைப் போட்டதுமே கம்ப்யூட்டர் பீப் பீப்பென்று கத்த ஆரம்பித்தது. திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. டைப் டெஸ்ட்டுக்காக விக்கிரமசிங்கபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த முத்துராணி கடை முதலாளியின் முகத்தைப் பார்த்தாள்.

"காலையிலயிருந்து இப்படித்தான் கத்துது. இருந்த மெக்கானிக்கும் போன வாரத்தோட நின்னுட்டான்" என்றார் முதலாளி வைத்தியலிங்கம். "பன்னெண்டு மணிக்கு வாரேன்." கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டார்.

திருநெல்வேலி ஜங்ஷனில் கம்ப்யூட்டர் விற்கிற கடை அது. 'கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் தேவை' என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வேலை என்றால் டைப் அடிப்பதுதானே என்று அவளும் எழுதிப் போட்டுவிட்டாள். டெஸ்ட்டுக்கு வரச்சொல்லிக் கார்டும் வந்தது.

இது ஏழாவது இன்டர்வியூ. இதுவும் போனால் திங்கட்கிழமையிலிருந்து அம்மா இசக்கித்தாயோடு உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான். அவளுக்கென்று தட்டும் கத்திரியும்கூட வாங்கி வைத்தாயிற்று.

டெஸ்ட்டுக்கு வந்திருந்தது மொத்தம் இரண்டே பேர். இன்னொருவன் சேரன்மகாதேவிக்கார சாய்ராம். ஷூவும் டையுமாக இருந்தான்.

"இது ஓடாம எப்படி டெஸ்ட் வைப்பார்? எல்லாம் நம்ம நேரம்" என்று அலுத்துக்கொண்டான்.

முத்துராணிக்கு அந்தக் கத்தல் அத்துப்படி. அவள் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த நாலு ஓட்டை மெஷினும் வாரம் தவறாமல் இப்படித்தான் உயிரை வாங்கும். சரிசெய்து சரிசெய்து கை பழகிவிட்டது.

"மெமரி சரியா உக்காரல சார்" என்றாள் மெதுவாக.

"அப்ப நீங்களே பாருங்களேன்!"

"ஐயோ, நான் தொட மாட்டேன். அடுத்தவங்க சாமான். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா எங்க வீட்ட வித்தாலும் கட்டாது. நீங்க தொறங்க, நான் சொல்லுதேன்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பெரிய இடத்துக்குப் போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதான் பிறந்ததிலிருந்து பாடம்.

சாய்ராம் தயங்கித் தயங்கிப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். முதலில் கரண்டை நிறுத்தச் சொன்னாள். உள்ளே இருந்த இரண்டு பச்சைப் பட்டைகளைக் காட்டி எடுக்கச் சொன்னாள். தன் பென்சில் டப்பாவிலிருந்து அழிரப்பரைக் கொடுத்து, தங்க நிற விளிம்பைத் தேய்க்கச் சொன்னாள்.

"சாய்ச்சு வச்சு, பைய நிமித்துங்க. ரெண்டு பக்கமும் கொக்கி விழணும். அமுக்காதீங்க சார், ஒடிஞ்சிரும்!"

மறுபடி சுவிட்சைப் போட்டபோது கத்தல் நின்றது. எண்கள் கடகடவென்று ஓடி 4096-இல் நின்றுவிட்டன. மெமரி அளவு மாறியிருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கு என்று கீழே ஒரு வரி வந்தது. சாய்ராம் விரலைக் கொண்டுபோனான்.

"வேண்டாம், வேண்டாம்! அதுக்குள்ள போயி சேவ் பண்ணிட்டா மெஷினு பாதிய வச்சிக்கிட்டே ஓடும். எட்டு எம்.பி.ன்னு பொட்டியிலேயே ஒட்டியிருக்குல்லா? இது நாலுதான் காட்டுது. ரெண்டாவது பட்டை இன்னும் சரியா விழல."

நிறுத்தி, கழற்றி, மாட்டி, மறுபடி போட்டான். எண்கள் நிற்காமல் 8192 வரைக்கும் ஓடின. முத்துராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாடா, டெஸ்ட் நடந்துவிடும்! விரல்களின் வியர்வையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு, காற்றிலேயே நாலு வரி அடித்துப் பார்த்துக்கொண்டாள்.

சொன்னபடி பன்னிரண்டு மணிக்கு வைத்தியலிங்கம் வந்தார். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டு, எண் முழுக்க ஓடுகிறதா என்று பார்த்தார்.

"யாரு சரி பண்ணுனது?"

சாய்ராம் ஒரு நொடி முத்துராணியைப் பார்த்தான். பிறகு, "நான்தான் சார்" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பேர் அவனுக்கே போகட்டும், டைப்பில் அவனை ஒரு கை பார்த்துவிடலாம் என்று கீபோர்டுப் பக்கம் நகர்ந்து நின்றாள்.

வைத்தியலிங்கம் சாய்ராமுக்குக் கை கொடுத்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு வேலைக்கு வந்துருங்க தம்பி."

முத்துராணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அண்ணாச்சி, டைப் டெஸ்ட்டு இன்னும் வைக்கலையே?"

அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

"மெக்கானிக் வேலைக்கு டைப் டெஸ்ட்டு எதுக்குத் தாயி? மெமரிய இளக்கி வச்சதே நான்தான்!"