தறிக்காரியின் இருமல்

"அந்தத் தூக்குச் சட்டியோட அப்படியே திரும்பிப் போயிருங்க சித்தி. உள்ள வந்தீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகள் வார்டுக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள் மாரிக்கனி. கிருஷ்ணன்கோவில் காலேஜில் மூன்றாம் வருஷம். வாதம் என்று வந்துவிட்டால் புரொபசரையே விடமாட்டாள். பக்கத்து வீட்டுத் தங்கபாயையா விடுவாள்?

உள்ளே அவள் அண்ணன் மகன். பிறந்து நாற்பது நாள். கக்குவான் இருமல் என்று சேர்த்து இது மூன்றாவது நாள். இருமத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாமல் இருமி, மூச்சை இழுக்க முடியாமல் உதடு நீலம் பூத்துவிடுகிறது.

"இட்லிதான் தாயீ. உங்க மதினி பால் குடுக்கிற உடம்பு, வெறும் வயித்தோட..."

சொல்லி முடிப்பதற்குள் தங்கபாய்க்கே இருமல் வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் இருபது வருஷமாக வேலை. இருமலுக்கும் அதே வயசு.

"பாருங்க! இந்த இருமலோடதான பிள்ளைய மடியில வச்சுக் கொஞ்சுனீங்க? தடுப்பூசி போட அஞ்சே நாள்தான் பாக்கி. அதுக்குள்ள ஒட்ட வச்சுட்டீங்க. அண்ணன் பட்டாளத்துல இருந்து போன் போட்டு அழுதான். அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான்தான் சொல்லணும்."

"படிக்கலன்னா இம்புட்டுக் கூடவா தெரியாது? இருமல் வந்தா வீட்டோட கெடக்கணும்னு தோணாது?"

"தோணல தாயீ. தப்புத்தான்."

எதிர்த்துப் பேசினாலாவது பதிலுக்கு ரெண்டு பேசலாம். எல்லாவற்றுக்கும் 'ஆமா' போடுகிறவளை என்ன செய்ய? மாரிக்கனிக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது.

"விடு மாரி, அவிய பாவம்" என்றாள் உள்ளிருந்து மதினி சந்தனம்.

"நீங்க சும்மா இருங்க மதினி. பாவம் பாவம்னுதான் பிள்ளை இப்படிக் கெடக்கான்!"

தூக்குச் சட்டியைக் கதவோரம் வைத்துவிட்டுத் தங்கபாய் படியிறங்கினாள்.

மறுநாளும் வந்தாள். ஏச்சு வாங்கினாள், இட்லியை வைத்தாள், போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஆறாம் நாள் காலை, பிள்ளை இருமாமல் வயிறு முட்டப் பால் குடித்துவிட்டுத் தூங்கினான். உதட்டில் பழைய சிவப்பு. மாரிக்கனி அவன் உள்ளங்காலில் முகத்தை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை தீர்ந்தது. கோபம் தீரவில்லை.

முதல் நாளே வீட்டில் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்து, மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். தங்கபாய்க்கும் சேர்த்துத்தான். லேப் சிஸ்டர் ரிப்போர்ட்டுகளோடு மாடியேறி வந்ததும் மாரிக்கனி பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், தங்கபாய்னு ஒருத்தவங்க ரிசல்ட்டைக் குடுங்க. தெருவுக்கே காட்டணும்."

"அந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லையே! பஞ்சுத் தூசி இருமல், யாருக்கும் ஒட்டாது. பாசிட்டிவ் வந்தது குழந்தையோட அத்தைக்கு. காலேஜ் பொண்ணாம்ல? பரீட்சை நேரம், வெறும் சளின்னு நெனச்சு ரெண்டு வாரமா இருமிக்கிட்டே திரிஞ்சிருக்கு. பேர் வச்ச அன்னைக்கு, அத்தை முறைக்கு அதுதான பிள்ளை காதுல மூணு தடவ பேர் சொல்லியிருக்கும்?"

மாரிக்கனியின் கை தானாக வாய்க்குப் போனது.

"இது... தங்கபாய் சித்திக்குத் தெரியுமா?"

"இட்லி கொண்டாந்த மொத நாளே ரிசல்ட் வந்துருச்சு, படியேறுறதுக்கு முன்னாடி கீழ வச்சுச் சொல்லிட்டேனே, உங்க மேல தப்பில்லம்மா, அத்தைக்குத்தான் பாசிட்டிவ்னு. அதுக்கு அவிய என்ன சொன்னாக தெரியுமா? 'அந்தப் பொண்ணுகிட்ட இப்பச் சொல்லிராதீங்க சிஸ்டர், பொறவு மருமகனத் தூக்கவே பயப்படும். அவன் எந்திரிக்கிற வரைக்கும் என்னையே ஏசிக்கிடட்டும்'னு."