வெள்ளி அரைஞாண்

குளிக்க வருகிறவர்கள் கடலில் தவறவிடும் நகைகளை, உலோகம் கிட்டே இருந்தால் கத்தும் கருவி வைத்துத் தேடி எடுப்பதுதான் நம்புத்தாயின் புருஷனுக்குப் பிழைப்பு. போன ஆடியில் முங்கியவன் எழவே இல்லை. கருவி மட்டும் கரை ஒதுங்கியது. இன்று அதைத் தூக்கிக்கொண்டு அவளே மார்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். அவன் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணாவது அகப்படாதா?

காலடியில் கருவி கத்தியது. மூச்சடக்கி முங்கி மணலைக் கிளறினாள். ஒன்றுமில்லை. நகர்ந்தாள். அங்கேயும் கத்தியது. எங்கே நின்றாலும் கத்தியது.

கரையில் நின்ற கொழுந்தன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மதினி, உங்க மெட்டிக்குத்தான் கத்துது. கழட்டி வச்சிட்டுத் தேடுங்க.”

இத்தனை நாளும் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாதது அது.

“கழட்டிட்டா அப்புறம் எதுக்குத் தேடணும்?”

கருவியைத் தன் பாதத்துக்கு நேரே இறக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் அது கத்துவதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.